லூவ்ர் சிவப்பு அறையில் ஒரு தெப்பம்!

பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள். கண்ணாடிப் பிரமிடு வழியாக உள்ளே இறங்கி, டெனோன் பகுதியின் படிகளில் ஏறி, அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டே போனால் மோனாலிசா. 77 செ.மீ உயரமும் 53 செ.மீ அகலமும் கொண்ட அந்தச் சின்ன ஓவியத்தின் முன்னால் எப்போதும் திருவிழாக் கூட்டம். எட்டி நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "பார்த்தாச்சு" என்ற நிம்மதியோடு வெளியே வருகிறார்கள்.

அதே மாடியில், சில நிமிட நடை தூரத்தில் இன்னோர் அறை இருக்கிறது. எண் 700. சுவர் முழுக்க அடர் சிவப்பு. பிரான்ஸின் மிகப் பெரிய ஓவியங்கள் சில இங்கேதான் தொங்குகின்றன. கொடி ஏந்திய பெண் மக்களை வழிநடத்திச் செல்லும் தெலக்ருவாவின் புகழ்பெற்ற ஓவியமும் இந்த அறையில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே வருகிறவர்களின் கால்களைக் கட்டிப்போடுவது வேறொன்று. உயரம் கிட்டத்தட்ட 5 மீட்டர், அகலம் 7 மீட்டருக்கும் மேல். நம் ஊர் வீடு ஒன்றின் முன்பக்கச் சுவர் அளவுக்கு ஓர் ஓவியம். பெயர், 'மெதூசாவின் தெப்பம்'. வரைந்தவர் தியோடோர் ஜெரிக்கோ. 1819-ல் இதை முடித்தபோது அவருக்கு வயது 27.

கடலில் மிதக்கும் மரச் சட்டங்கள். அதன்மேல் பிணங்களும், பிணமாகிக்கொண்டிருக்கும் மனிதர்களும். இடது கீழ்ப்புறம், இறந்துபோன மகனின் உடலை மடியில் போட்டுக்கொண்டு எங்கோ வெறித்துப் பார்க்கும் ஒரு முதியவர். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தவழ்ந்து, கை நீட்டி வலப்பக்கமாக எழுகிறார்கள். எல்லோருக்கும் மேலே, ஒரு பீப்பாயின் மீது ஏறி நின்று துணியை வீசுகிறார் ஒரு கறுப்பின மனிதர். யாரைப் பார்த்து? அடிவானத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. அது ஒரு கப்பல்.

கற்பனையில் உதித்த காட்சி அல்ல இது. உண்மையாக நடந்த ஒரு கொடுமை. அதை இந்தத் திரைக்குக் கொண்டுவர அந்த இளைஞர் செய்த தேடலைத் தெரிந்துகொண்டு போனால், 700-ம் எண் அறையிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியாது.

ஒரு கப்பல், ஒரு மணல் திட்டு

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பிறகு 1814-ல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. போர்க்காலத்தில் தான் பிடித்துவைத்திருந்த பல பகுதிகளைப் பிரான்ஸிடம் திருப்பிக் கொடுக்கப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. நம் புதுச்சேரி 1816-ல் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது இந்த ஒப்பந்தத்தால்தான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள செனகலும் அதே பட்டியலில் இருந்தது.

செனகலைப் பொறுப்பேற்க 1816 ஜூன் மாதம் பிரான்ஸிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. தலைமைக் கப்பல் 'மெதூசா'. புதிய கவர்னர் ஷ்மால்ட்ஸ், அவருடைய குடும்பம், அதிகாரிகள், படைவீரர்கள், மாலுமிகள் என்று சுமார் 400 பேர் அதில் இருந்தார்கள். கேப்டன் ஷோமரே, 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் பயணமே போகாதவர். மன்னர் குடும்பத்தின்மீது விசுவாசம் காட்டியவர் என்பதற்காகக் கிடைத்த பதவி அது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் மற்ற கப்பல்களை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். வழியும் தவறியது. ஜூலை 2-ம் தேதி, இன்றைய மொரிடேனியா நாட்டின் கரைக்கு அப்பால், அர்கின் என்ற மணல் திட்டில் கப்பல் தரைதட்டி நின்றுவிட்டது.

அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. இருந்த படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. பாய்மரங்களையும் பலகைகளையும் கயிற்றால் பிணைத்து ஒரு தெப்பம் கட்டினார்கள். நீளம் சுமார் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். கவர்னரும் கேப்டனும் படகுகளில் ஏறிக்கொண்டார்கள். தெப்பத்தில் ஏற்றப்பட்டவர்கள் 147 பேர். அவர்களில் ஒரே ஒரு பெண். பாரம் தாங்காமல் தெப்பம் அமிழ்ந்தது. பலர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். "படகுகளில் கயிறு கட்டி உங்களை இழுத்துச் செல்வோம்" என்பது வாக்குறுதி.

கொஞ்ச தூரம் போவதற்குள் கயிறு விடுபட்டது. வேண்டுமென்றே விடப்பட்டது என்பதுதான் தப்பிப் பிழைத்தவர்களின் குற்றச்சாட்டு. படகுகள் கரையை நோக்கிப் போய்விட்டன.

13 நாட்கள்

தெப்பத்தில் இருந்தது ஒரு மூட்டை பிஸ்கட், கொஞ்சம் குடிநீர், சில பீப்பாய் ஒயின். பிஸ்கட் முதல் நாளே தீர்ந்தது. குடிநீர்ப் பீப்பாய்கள் சண்டையில் கடலுக்குள் போயின. முதல் இரவிலேயே ஏறக்குறைய 20 பேரை அலை கொண்டுபோனது. அதன் பிறகு கலவரம், கத்திக்குத்து, பைத்தியக்கார வெறி. நான்காம் நாள் உயிரோடு இருந்தவர்கள் 67 பேர். பசி தாங்காமல் இறந்தவர்களின் சதையைத் தின்னத் தொடங்கியிருந்தார்கள். எட்டாம் நாள், இருக்கிற கொஞ்சம் ஒயினும் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பிழைக்க மாட்டார்கள் என்று தோன்றியவர்களைக் கடலில் தள்ளினார்கள்.

ஜூலை 17-ம் தேதி காலை அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. அவர்களோடு புறப்பட்டு வந்த அதே 'ஆர்கஸ்'. துணிகளை முடிச்சுப் போட்டு வீசினார்கள், கத்தினார்கள். கப்பல் திரும்பிப் பார்க்காமல் மறைந்துவிட்டது. எல்லோரும் சாகத் தயாராகிப் படுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே கப்பல் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தபோது, தெப்பத்தில் மூச்சோடு இருந்தவர்கள் 15 பேர். அவர்களிலும் 5 பேர் கரைசேர்ந்த பிறகு இறந்துபோனார்கள்.

பிழைத்தவர்களில் இரண்டு பேர் நடந்ததை எழுதினார்கள். ஒருவர் சவினி, கப்பலின் அறுவை மருத்துவர். இன்னொருவர் கொரேயார், பொறியாளர். சவினி அரசுக்குக் கொடுத்த அறிக்கை 1816 செப்டம்பரில் ஒரு பாரிஸ் நாளிதழில் கசிந்தது. நாடே கொந்தளித்தது. அரசு விஷயத்தை அமுக்கப் பார்த்தது. கேப்டனுக்கு ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனை வெறும் 3 ஆண்டு சிறை. நியாயம் கேட்ட சவினியும் கொரேயாரும் வேலை இழந்து நின்றார்கள். 1817-ல் இருவரும் சேர்ந்து தங்கள் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பிற்பாடு கொரேயார் ஒரு புத்தகக் கடையும் திறந்தார். லூவ்ருக்கு எதிரே, சாலையைக் கடந்தால் வரும் பலே ருவாயல் வளாகத்தில்தான் அந்தக் கடை இருந்தது. அரசை எதிர்த்தவர்கள் கூடும் இடமாகவும் ஆனது.

இந்தச் சமயத்தில்தான், இத்தாலியில் ஓராண்டு ஓவியம் பயின்றுவிட்டு, ஜெரிக்கோ பாரிஸ் திரும்பினார்.

கேட்டும் பார்த்தும் சேர்த்தது

ஜெரிக்கோ வடக்கு பிரான்ஸில் உள்ள ரூவான் நகரத்துக்காரர். 1791-ல் பிறந்தவர். குதிரைகள் என்றால் உயிர். தாய்வழிச் சொத்து இருந்ததால் பிழைப்புக்காக வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தத் தெப்பத்தை வரையச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை, முன்பணமும் தரவில்லை. அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய திரையில் வரையத் தகுதியானவை என்று கருதப்பட்டவை புராணம், வேதாகமம், மன்னர்களின் வெற்றி ஆகியவைதான். பெயர் தெரியாத மாலுமிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அந்த இடத்தைத் தருவது என்று இந்த இளைஞர் முடிவெடுத்தார்.

முடிவெடுத்ததும் உடனே தூரிகையைத் தூக்கிவிடவில்லை. ஒரு புலனாய்வு நிருபர்போலத் தேடத் தொடங்கினார்.

முதலில் காகிதங்கள். சவினி, கொரேயார் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். விபத்து பற்றிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். பிறகு அந்த இருவரையும் நேரில் தேடிப்போனார். யார் எங்கே நின்றார்கள், அலை எந்தப் பக்கம் அடித்தது, கப்பலைப் பார்த்ததும் யார் முதலில் எழுந்தார்கள் என்று விசாரித்தார். பழக்கம் நட்பாக வளர்ந்தது. ஓவியத்தில் பாய்மரத்தின் அடியில் நிற்பவர் சவினி. அவர் பக்கம் முகத்தைத் திருப்பியபடி, கப்பல் இருக்கும் திசையில் கை நீட்டுபவர் கொரேயார். இருவரும் மாடலாக நின்றுகொடுத்தார்கள்.

அடுத்து, பிழைத்தவர்களில் இருந்த ஒரு தச்சரைக் கண்டுபிடித்தார். லவியெத் என்பது அவர் பெயர். தெப்பத்தின் மேல் கிடந்த அதே மனிதரின் கைகளாலேயே அதன் சிறிய மாதிரி ஒன்றைச் செய்யவைத்தார். எந்தச் சட்டத்தின் மேல் எது குறுக்காகப் போனது, எங்கே இடைவெளி விழுந்தது என்பது உட்பட எல்லாம் அந்த மாதிரியில் இருந்தது. மெழுகில் சின்னச் சின்ன மனித உருவங்கள் செய்து அதன்மேல் வைத்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார் ஜெரிக்கோ.

இனி உடல்கள். சாகும் தறுவாயில் மனித முகம் எப்படி இருக்கும், இறந்த சில மணி நேரத்தில் தோலின் நிறம் எப்படி மாறும் என்று புத்தகம் சொல்லாது. அவர் ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே பொஜோன் மருத்துவமனை இருந்தது. அங்கே போய் நோயாளிகளின் கடைசி நேரங்களைப் பார்த்து வரைந்தார். பிணவறைக்கும் போனார். அறுவை செய்து அகற்றப்பட்ட கை கால்களை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து, அவை அழுகும்வரை வைத்திருந்து, நாளுக்கு நாள் மாறும் நிறத்தைக் குறித்துக்கொண்டார். நாற்றம் தாங்காமல் நண்பர்கள் ஓடிப்போனார்கள். அப்படி அவர் வரைந்த கை கால்களின் ஓவியம் ஒன்று தென்பிரான்ஸின் மோன்பெலியே நகரில் உள்ள ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க மனத்திடம் வேண்டும்.

மஞ்சள் காமாலையில் வாடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரைப் பார்த்தபோது, அவருடைய முகத்து நிறம் ஜெரிக்கோவைப் பிடித்து நிறுத்தியது. அதையும் படிப்பாக எடுத்துக்கொண்டார். நம் வீட்டில் யாராவது இப்படி நடந்துகொண்டால் திட்டித்தான் தீர்ப்போம். ஆனால், தெப்பத்தில் பதிமூன்று நாள் வெயிலிலும் உப்புநீரிலும் கிடந்தவர்களின் நிறத்தை வேறெங்கே போய்த் தேடுவது?

கடைசியாகக் கடல். நார்மண்டி கரையில் உள்ள லு ஹாவ்ர் துறைமுகத்துக்குப் பயணம் போய், அலையையும் மேகத்தையும் பார்த்து வரைந்துகொண்டு வந்தார்.

எந்த நொடி?

இவ்வளவும் கையில் சேர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பதிமூன்று நாட்களின் கதையைப் புத்தகம் சொல்லிவிடும். பக்கம் புரட்டப் புரட்ட அடுத்தது வரும். ஓவியத்துக்கு ஒரே ஒரு நொடிதான். எதை எடுப்பது?

ஜெரிக்கோ ஒவ்வொன்றாக வரைந்து பார்த்தார். இரவில் நடந்த கலவரத்தை வரைந்தார். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் கூட்டம். விறுவிறுப்பாகத்தான் இருந்தது, வைத்துக்கொள்ளவில்லை. மனிதச் சதை தின்னும் காட்சியை வரைந்தார். அதையும் ஒதுக்கினார். மீட்புப் படகு தெப்பத்தை நெருங்குவதை வரைந்தார். அதில் துன்பம் தீர்ந்துவிடுகிறது, பார்ப்பவர் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

கடைசியில் அவர் பிடித்தது, அடிவானத்தில் ஆர்கஸ் தெரிந்த அந்த முதல் நொடி. கப்பல் இவர்களைப் பார்க்குமா, பார்க்காதா? துணி வீசுகிறவருக்குத் தெரியாது. அவரைத் தாங்கிப் பிடிக்கிறவர்களுக்கும் தெரியாது. படம் பார்க்கிறவருக்கும் தெரியாது. சில ஆரம்ப வரைவுகளில் ஆர்கஸ் இதைவிடப் பெரிதாகவே இருந்தது. வரைய வரைய அதைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். இன்று அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்த தகவல்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, எஞ்சியதையெல்லாம் அந்த ஒரு புள்ளியை நோக்கித் திருப்பிவிட்டார்.

தலையை மழித்துக்கொண்டு...

திரை பெரிதாக இருந்ததால், வழக்கமான அறை போதவில்லை. பாரிஸின் ரூல் புறநகரில் ஒரு பெரிய ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்தார். 1818 நவம்பரிலிருந்து 1819 ஜூலை வரை அதுதான் அவர் உலகம். அதே 1818-ல், தாய்மாமனின் இளம் மனைவியோடு ஏற்பட்ட காதலால் ஓர் ஆண் குழந்தை பிறந்து, குடும்பமே கலங்கிப் போயிருந்தது. ஜெரிக்கோ தலையை மழித்துக்கொண்டார். மொட்டைத் தலையோடு விருந்துக்கும் கேளிக்கைக்கும் போக முடியாது அல்லவா? ஸ்டூடியோவுக்குள்ளேயே தங்கினார். சாப்பாடு உள்ளேயே வந்தது. கூட இருந்த ஒரே உதவியாளர் ஜமார் என்ற 18 வயது இளைஞர்.

வேலை நேரத்தில் ஒரு சத்தமும் கூடாது. சுண்டெலி ஓடும் ஓசைகூட அவரைக் கலைத்துவிடும் என்று அப்போது அருகில் இருந்த இளம் ஓவியர் மோன்ஃபோர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெள்ளைத் திரையில் கோடுகளை மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் உருவத்தின் ஒரு பகுதி என்று எடுத்து, மாடலைப் பார்த்துப் பார்த்து அங்கேயே முடித்துவிடுவது அவர் வழக்கம்.

மாடல்களாக வந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள். முன்புறம் முகம் குப்புறக் கிடக்கும் இளைஞனுக்கு மாடல், பின்னாளில் பெரும் ஓவியராகப் போகிற தெலக்ருவா. பாதி முடிந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், மனம் தாளாமல் தெருவில் பைத்தியம்போல ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பின உருவங்களுக்கு மாடலாக நின்றவர், ஹைட்டி தீவிலிருந்து வந்த ஜோசப் என்பவர்.

இந்த இடத்தில் ஜெரிக்கோவின் துணிச்சலைக் கவனிக்க வேண்டும். உயிர் பிழைத்த 15 பேரில் கறுப்பினத்தவர் ஒருவர், ஷான் ஷார்ல் என்ற படைவீரர். ஓவியத்திலோ மூன்று கறுப்பின உருவங்கள். அவர்களில் ஒருவரைத்தான் எல்லோருக்கும் உச்சியில், மொத்தக் கூட்டத்தின் நம்பிக்கையாக நிறுத்தினார். அடிமை வியாபாரம் இன்னும் திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்த காலம் அது.

தெரிந்தே மாற்றியவை

ஆராய்ச்சி இவ்வளவு செய்தவர், எல்லாவற்றையும் அப்படியே வரைந்தாரா? இல்லை.

பதிமூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்திருப்பார்கள். உடல் முழுக்கப் புண். ஓவியத்தில் இருப்பவர்களோ மல்லர்கள்போலத் திரண்ட தோள்களோடு இருக்கிறார்கள். இத்தாலியில் மைக்கேலாஞ்சலோவின் உருவங்களைப் பார்த்து மயங்கி வந்தவர் அல்லவா! மருத்துவமனையில் அத்தனை நோயாளிகளை வரைந்தவருக்கு மெலிந்த உடல் தெரியாமல் இல்லை. அப்படி வரைந்திருந்தால் பார்ப்பவர்களுக்குப் பரிதாபமோ அருவருப்போ மட்டும் வந்திருக்கும். இவர்கள் நம்மைப் போன்றவர்கள், எழுந்து நிற்கப் போராடுகிறவர்கள் என்ற எண்ணம் வந்திருக்காது.

எண்ணிக்கையும் மாறியது. அந்தக் காலையில் உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். இங்கே பிணங்களையும் சேர்த்துச் சுமார் 20 உருவங்கள். உண்மையில் அன்று வானம் தெளிவாக இருந்தது. ஓவியத்தில் கருமேகம், பொங்கும் அலை. மனிதச் சதை தின்ற கொடுமை எங்கும் இல்லை. ரத்தக்கறை படிந்த ஒரு கோடரி மட்டும் கிடக்கிறது. தெரிந்தவர்களுக்கு அது போதும்.

இன்னொன்று, அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? பாய் இடப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. கப்பலோ வலப்பக்கம். மனிதர்கள் எந்தத் திசையில் கை நீட்டுகிறார்களோ, அதற்கு எதிர்த் திசையில் தெப்பம் அவர்களை இழுத்துப் போகிறது. இதைப் பார்த்த பிறகு அந்தத் துணி வீச்சின் தவிப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

தங்கப் பதக்கமும் ஏமாற்றமும்

1819 ஆகஸ்ட் 25-ம் தேதி அரசு நடத்திய 'சலோன்' கண்காட்சி லூவ்ரில் திறக்கப்பட்டது. தெப்பமும் அங்கே வந்தது. பட்டியலில் 'மெதூசா' என்ற பெயரே இல்லை, 'கப்பல் சேதக் காட்சி' என்று பொதுவாகப் போட்டிருந்தார்கள். ஆனால் பாரிஸில் யாருக்குத் தெரியாது? கட்டடத்தில் வைத்துப் பார்த்தபோது கீழ்ப்பகுதி வெறுமையாகத் தோன்ற, கடைசி நேரத்திலும் ஜெரிக்கோ அங்கே உருவங்களைச் சேர்த்தார். அப்புறம் ஓவியத்தை மிக உயரத்தில் மாட்டிவிட்டார்கள். பார்ப்பவர் கால் வைத்து ஏறிவிடலாம் என்பதுபோல அவர் வரைந்திருந்த தெப்பம், எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

விமர்சகர்கள் கட்சி பிரிந்து மோதினார்கள். ஒரு பக்கம் பாராட்டு, இன்னொரு பக்கம் "பிணக் குவியல்" என்ற அருவருப்பு. ஓவியத்தைவிட அரசியலைத்தான் அதிகம் பேசினார்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால், அரசு ஓவியத்தை வாங்கவில்லை. ஜெரிக்கோ உடலும் மனமும் சோர்ந்து, திரையைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி ஒரு நண்பரின் வீட்டில் போட்டுவைத்தார்.

1820-ல் அது லண்டன் போனது. பிக்கடிலி சாலையில் இருந்த 'எகிப்தியன் ஹால்' அரங்கில், இந்த முறை தாழ்வாக, தரைக்கு அருகே மாட்டினார்கள். கட்டணம் கொடுத்துச் சுமார் 40,000 பேர் வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டப்ளின் நகரிலோ தோல்வி. அதே விபத்தை, இசையோடு நகரும் படச்சுருளாக வேறொரு குழு காட்டிக்கொண்டிருந்தது. அதைவிட்டு அசையாத ஓவியத்தைப் பார்க்க யார் வருவார்கள்?

அதன் பிறகு ஜெரிக்கோ அதிக நாள் இல்லை. குதிரையிலிருந்து அடுத்தடுத்து விழுந்த காயங்களும் நோயும் சேர்ந்து படுக்கையில் தள்ளின. 1824 ஜனவரி 26, வயது 32. இறப்புக்குப் பின் நடந்த ஏலத்தில், நண்பர் தெத்ரே தோர்சி இந்த ஓவியத்தை வாங்கி லூவ்ருக்குக் கொடுத்தார். பெரிதாக இருந்ததால் துண்டு துண்டாக வெட்டி விற்கும் பேச்சும் அப்போது இருந்ததாகச் சொல்கிறார்கள்.

கறுத்துக்கொண்டே போகும் ஓவியம்

1939-ல் போர் மூண்டபோது லூவ்ரின் பொக்கிஷங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். நாடக அரங்கின் பின்திரைகளை ஏற்றும் வண்டியில் போன இந்த ராட்சத ஓவியம், வெர்சாய் நகரத்து டிராம் மின்கம்பிகளில் சிக்கி, அந்தப் பகுதியையே இருட்டாக்கியது. அதிலிருந்தும் தப்பி வந்தது.

தப்ப முடியாத ஓர் ஆபத்து அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அடர் கறுப்பு வேண்டும் என்பதற்காக ஜெரிக்கோ நிலக்கீல் கலந்த வண்ணத்தைப் பயன்படுத்தினார். பூசும்போது பளபளப்பாக இருக்கும் அது, காலப்போக்கில் முழுதாகக் காயாமல் சுருங்கி, வெடித்து, மேலும் கறுத்துக்கொண்டே போகிறது. சரிசெய்ய வழியில்லை. விவரங்கள் மங்குவதைக் கண்டு, 1859-60-லேயே இரண்டு ஓவியர்களை வைத்து அதே அளவில் ஒரு நகல் எடுத்தார்கள். அது பாரிஸுக்கு வடக்கே அமியேன் நகரின் பிகார்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜெரிக்கோவைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். பாரிஸிலிருந்து ரயிலில் எளிதில் போகக்கூடிய ரூவான் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் பல இருக்கின்றன. பாரிஸுக்குள்ளேயே, பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதி. கையில் தூரிகையோடு சாய்ந்து படுத்திருக்கும் வெண்கலச் சிலை. அதன் முன்பக்கத்தில் இதே தெப்பம் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது.

லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெட்ரோவில் வருகிறவர்கள் 1 அல்லது 7-ம் தடத்தில் ஏறி 'பலே ருவாயல் - மூஸே து லூவ்ர்' நிலையத்தில் இறங்கலாம். காலையில் கதவு திறந்ததும் கூட்டம் மோனாலிசாவை நோக்கி ஓடும். அந்த நேரத்தில் 700-ம் எண் அறை ஓரளவு காலியாகவே இருக்கும். முதலில் தூரத்தில் நின்று மொத்தத்தையும் பாருங்கள். பிறகு நெருங்கி வந்து, மகனை மடியில் வைத்திருக்கும் முதியவரில் தொடங்கி, ஒவ்வோர் ஆளாகக் கண்ணை மேலே கொண்டுபோங்கள். வீசும் துணியைத் தாண்டியதும் அடிவானத்தில் ஆர்கஸைத் தேடுங்கள். கறுத்துக்கொண்டிருக்கும் அந்தத் திரையில் அது இன்னும் தெரிகிறது.